சிறிய காய்கறித் தோட்டமும் விளைந்ததைக் கெடாமல் காப்பதும்: எதில் தொடங்குவது?

கேள்வி இதுதான்: வெயில் படும் இடம் மூன்று சதுர மீட்டர் அளவுக்கு இருக்கிறது, தோட்டம் போட்டுப் பழக்கமில்லை. காய்கறி விளைவிக்கவும் வேண்டும், மிஞ்சியதைக் கெடாமல் எடுத்துவைக்கவும் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பலரும் இதை இரண்டு வேலையாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முதலில் தோட்டம், பாதுகாப்பதைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் முளைக்கிறது. ஒரே வாரத்தில் பத்து கிலோ தக்காளி பழுத்துவிட்டால் அப்போது உட்கார்ந்து யோசிக்க அவகாசம் இருக்காது. எந்தக் காயை எந்த முறையில் காக்கப்போகிறீர்கள் என்பதை விதை வாங்கும்போதே முடிவு செய்யுங்கள். எந்த ரகம், எத்தனை செடி, எத்தனை நாள் இடைவெளியில் விதைப்பது என்பதெல்லாம் அந்த முடிவிலிருந்தே வரும்.

தக்காளியையே எடுத்துக்கொள்வோம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குறிப்பிட்ட உயரம் வந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் குட்டைச் செடி. அதன் காய்கள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஏறக்குறைய ஒன்றாகப் பழுத்துவிடும். மற்றது, பருவம் இடம்கொடுக்கும்வரை கொடிபோல் நீண்டுகொண்டே போய், வாரா வாரம் கொஞ்சமாகக் காய்ப்பது. அன்றாடச் சமையலுக்கு இரண்டாவது நல்லது. சாஸாகக் காய்ச்சிப் பாட்டிலில் அடைக்க விரும்பினால் முதல் வகைதான் வேண்டும். நன்கு பராமரித்த செடி ஒன்று 3 முதல் 5 கிலோ வரை கொடுக்கும். ஒரு லிட்டர் கெட்டியான சாஸுக்கு ஏறத்தாழ 3 கிலோ பழம் போய்விடும். ஆக, நான்கு செடி வைத்தால் அரை லிட்டர் பாட்டில்களாக எட்டிலிருந்து பதின்மூன்று வரை கிடைக்கும். மாதத்துக்கு ஒரு பாட்டில் போதும் என்கிற வீட்டுக்கு அது பெரும்பாலும் ஓராண்டு வந்துவிடும். மூன்று சதுர மீட்டரில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் தேவையான காய்கறி விளையாது. ஆனால் ஏதாவது ஒரு பொருளில் தன்னிறைவு அடைய அந்த இடம் தாராளமாகப் போதும். முதல் ஆண்டில் அந்த ஒன்றைக் குறிவையுங்கள் என்பதே என் யோசனை.

மற்றவற்றையும் இதே கண்ணோடு தேர்ந்தெடுக்கலாம். பீன்ஸில் செடியாக நிற்பது ஒரே வீச்சில் காய்த்து ஓயும். ஃப்ரீசரில் வைக்க அது வசதி. கொடியாகப் படர்வது நீண்ட நாள் காய்க்கும், தரையில் இடமும் குறைவாகவே கேட்கும். மிளகாயை உலர்த்துவது எளிது, நான்கைந்து செடியே ஒரு வீட்டுக்கு மிகுதி. கீரை வகைகளையும் முள்ளங்கியையும் பாதுகாக்கக் கணக்குப் போடாதீர்கள். முள்ளங்கி ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கைப்பிடி அகல வரிசை விதைத்துக்கொண்டே வந்தால் எப்போதும் புதிதாகவே சாப்பிடலாம். எடுத்துவைக்கத் தேவையே எழாது.

இடத்தைப் பொறுத்தவரை, காய் காய்க்கும் செடிகளுக்கு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கீரைகள் மூன்று நான்கு மணி நேரத்தோடு சமாளித்துக்கொள்ளும். ஒரு விடுமுறை நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள், நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துவையுங்கள். பாத்தியின் அகலம் 1.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும், ஏனென்றால் பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. மிதித்த மண் இறுகிவிடும். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் தேவை. 1.2 மீட்டருக்கு 2.5 மீட்டர் பாத்தியில் 60 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நான்கு தக்காளியை நட்டால் பாதி இடம் போய்விடும். மீதிப் பாதியில் மிளகாய், கீரை, முள்ளங்கி. நிழல் மற்ற செடிகள்மேல் விழாத ஓரத்தில் கொடி பீன்ஸுக்கு ஒரு சிறு பந்தல். இவ்வளவே முதல் ஆண்டுக்கு நிறைவான தோட்டம். தரை இல்லாமல் தொட்டியில்தான் வைக்க முடியும் என்றால் தக்காளிக்கு 20 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். சிறிய தொட்டியில் செடி பிழைத்திருக்கும், காய்ப்பு மட்டும் குறைந்துவிடும்.

பணத்தை எதில் போடுவது என்று கேட்டால் தயங்காமல் மண்ணில் என்பேன். ஈர மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததுமே உதிர்ந்து கொட்டினால் மணல் அதிகம், தண்ணீர் நிற்காது. அழுத்திய உருண்டையை விரலால் குத்தினாலும் உடையாமல் பிசுபிசுப்பாக இருந்தால் களி அதிகம், தண்ணீர் வடியாது. உருண்டை நிற்கவும் வேண்டும், லேசாகத் தட்டினால் பொலபொலவென்று உடையவும் வேண்டும். வியப்பான செய்தி என்னவென்றால், இந்த இரண்டு குறைக்கும் மருந்து ஒன்றே: மட்கிய உரம். மணலில் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், களிமண்ணில் துகள்களைத் திரட்டி இடைவெளி உண்டாக்கும். முதல் முறை ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு உரத்தைப் பரப்பி மேல் மண்ணோடு கலந்துவிடுங்கள். அடுத்த ஆண்டு முதல் மேலே பரப்பினாலே போதும், மண்புழுக்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அந்த உரத்தை வீட்டிலேயே தயாரிக்கலாம். காய்ந்த இலை, வைக்கோல், கிழித்த அட்டை போன்றவற்றில் கார்பன் அதிகம். காய்கறித் தோல், பச்சைத் தழை போன்றவற்றில் நைட்ரஜன் அதிகம். கார்பன் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்பது நுண்ணுயிர்களுக்கு ஏற்ற விகிதம். கையால் அள்ளிப் போடும் கணக்கில், காய்ந்தது இரண்டு மூன்று பங்கு, பச்சை ஒரு பங்கு. நாற்றம் அடித்தால் பச்சையும் ஈரமும் கூடிவிட்டன என்று பொருள், காய்ந்த இலையைப் போட்டுக் கிளறுங்கள். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காமல் அப்படியே கிடந்தால் ஈரமோ பச்சையோ போதவில்லை. குவியல் ஒரு கன மீட்டர் அளவுக்கு இருந்தால் உள்ளே வெப்பம் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும், களை விதைகளும் நோய்க்கிருமிகளில் பலவும் அதில் மடியும். சிறிய தொட்டியில் அந்தச் சூடு ஏறாது. ஆகவே நோயுற்ற செடிகளையும் விதை முற்றிய களைகளையும் அதில் போடாதீர்கள்.

தண்ணீரில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மிதமான பருவத்தில் ஒரு சதுர மீட்டருக்கு வாரம் 25 லிட்டர் என்பது நல்ல தொடக்கம். வெயில் கடுமையானால் கூட்ட வேண்டும். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட வாரத்தில் இரண்டு மூன்று முறை ஆழமாக ஊற்றுவது நல்லது. ஈரம் எங்கே இருக்கிறதோ வேர் அங்கே போகும். மண்ணுக்குள் விரலை ஐந்து சென்டிமீட்டர் விட்டுப் பாருங்கள். அங்கேயும் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். காலையில், செடியின் அடியில், இலை நனையாமல். வைக்கோலோ காய்ந்த இலையோ ஐந்தாறு சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் ஈரம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்கும்.

அந்தச் சீர் ஏன் முக்கியம் என்பதைத் தக்காளியே காட்டிக்கொடுக்கும். காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல்போல் அமுங்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது பூச்சியோ தொற்றோ அல்ல, காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வரும் கோளாறு. உடனே முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவார்கள். பெரும்பாலான மண்ணில் அந்தச் சத்து ஏற்கெனவே இருக்கிறது. அதை வேரிலிருந்து காய்க்குக் கொண்டுபோகும் தண்ணீர்தான் ஒரு நாள் வெள்ளமாகவும் நான்கு நாள் வறட்சியாகவும் வருகிறது. நீரை ஒழுங்குபடுத்தினால் அடுத்து வரும் காய்கள் சரியாகிவிடும். முட்டை ஓடு மட்கிச் சத்தாக மாறுவதற்குள் பருவமே முடிந்துவிடும்.

பூக்கிறது, காய்க்கவில்லை என்ற குறைக்கும் பெரும்பாலும் எளிய காரணமே இருக்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளிப் பூக்கள் உதிரும். அதற்கு உரம் பரிகாரம் ஆகாது, வெப்பம் தணியும்வரை பொறுக்க வேண்டும். செடி கரும்பச்சையாகத் தழைத்து நின்று பூவே வைக்கவில்லை என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடிவிட்டது. வெள்ளரி, பூசணி போன்றவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் பின்னால் சிறு பிஞ்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தேனீ வராத இடமென்றால், காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுங்கள். அப்படிச் செய்தும் மகரந்தம் போதாத பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழும், சேர்ந்தது மளமளவென்று பெருக்கும்.

பூச்சிகளைப் பற்றி ஒன்றே ஒன்று: இரண்டு நாளுக்கு ஒருமுறை இலைகளைத் திருப்பிப் பாருங்கள். அசுவினி, வெள்ளை ஈ, முட்டைக் கூட்டம் எல்லாம் இலையின் அடியில்தான் தொடங்கும். ஆரம்பத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும் கையால் நசுக்குவதுமே போதும். கண்ட மருந்தையும் தெளித்தால் அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்து சாகும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கும் ஒரே குடும்பம். ஒரே இடத்தில் மாறி மாறி இவற்றையே நட்டால் நோய் மண்ணில் தங்கிவிடும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்த இடத்துக்குத் திரும்பி வாருங்கள். நடுவில் பீன்ஸ் போடலாம். காய்ப்பில் இருக்கும் ஒரு பீன்ஸ் செடியைப் பிடுங்கி வேரில் உள்ள சிறு முண்டுகளில் ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அதிலுள்ள பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முண்டு சுலபமாக உதிராமல் வேரே வீங்கியதுபோல் இருந்தால் அது நூற்புழுவின் வேலை, மகிழ்வதற்கில்லை.

இனி காப்பது. பறித்த காய் கெடுவதற்கு மூன்று காரணங்கள்: நுண்ணுயிர்கள், காய்க்குள்ளேயே இருக்கும் நொதிகள், காற்று. இவற்றைத் தடுக்க நம் கையில் இருப்பவையும் சிலவே. குளிர்விப்பது, ஈரத்தை நீக்குவது, உப்பிடுவது, புளிப்பேற்றுவது, சூடாக்கி அடைப்பது. எந்த முறையானாலும் பறித்த அன்றே செய்வது மேல். அடிபட்டதையும் அழுகத் தொடங்கியதையும் ‘வீணாக வேண்டாமே’ என்று சேர்க்காதீர்கள். பாதுகாப்பது காயின் தரத்தை நிறுத்திவைக்குமே தவிர உயர்த்தாது.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது, எதுவும் செய்யாமலே நிற்கும் காய்களைத்தான். வெங்காயத்தையும் பூண்டையும் தாள் சாய்ந்து காய்ந்த பிறகு பிடுங்கி, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர விட்டால் கழுத்து இறுகி மாதக்கணக்கில் நிற்கும். பூசணியை நகம் இறங்காத அளவுக்குத் தோல் கெட்டியான பிறகு, காம்பை ஐந்தாறு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். காம்பு முறிந்த இடம்தான் அழுகலுக்கு வாசல். உருளைக்கிழங்கு இருட்டில் இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பச்சை படியும், அதோடு நச்சும் ஏறும். அதை வெங்காயத்தோடு ஒன்றாகப் போட்டு வைக்காதீர்கள்.

ஃப்ரீசர் இருந்தால் அடுத்த எளிய வழி அது. இங்கே பலர் தவறவிடும் படி ஒன்று இருக்கிறது. கொதிக்கும் நீரில் சற்று நேரம் போட்டு எடுக்க வேண்டும். பீன்ஸுக்கு மூன்று நிமிடம், கீரைக்கு இரண்டு. எடுத்ததும் அதே அளவு நேரம் ஐஸ் தண்ணீரில். நொதிகள் உறைநிலையிலும் முழுவதும் ஓய்வதில்லை. இந்தச் சூடு காட்டாத பீன்ஸ் சில வாரங்களில் நிறம் மங்கி, வைக்கோல் வாடை அடிக்கும். மிளகாய்க்கும் நறுக்கிய வெங்காயத்துக்கும் இது தேவையில்லை. தண்ணீரை நன்றாக வடித்துத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடினால் ஒன்றோடொன்று ஒட்டாது. -18 டிகிரியில் எட்டிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை சுவை குறையாது. குளிர் நுண்ணுயிர்களைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. ஆகவே வெளியே எடுத்ததும் சமைத்துவிட வேண்டும். தக்காளியில் ஒரு வசதி உண்டு. நாளுக்கு நாலு பழம் என்று கிடைத்தால் கழுவி முழுதாகவே ஃப்ரீசரில் போட்டுச் சேருங்கள். சாஸுக்குப் போதுமான அளவு சேர்ந்த பிறகு எடுத்தால், ஐஸ் விடும்போது தோல் தானாகவே கழன்று வரும்.

உலர்த்துவதில் மிளகாய், தக்காளி, இலைகள் மூன்றும் நல்ல பலன் தரும். மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீராக நறுக்குங்கள். 55 முதல் 60 டிகிரி வெப்பமும் காற்றோட்டமும் வேண்டும். வெப்பத்தை மிகைப்படுத்தினால் மேற்புறம் கடினமாகி உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் வெயிலை நம்பி இறங்காதீர்கள், காய்வதற்குள் பூஞ்சை வந்துவிடும். காய்ந்துவிட்டது என்று தோன்றியதும் மூடிவைப்பதுதான் அடுத்த ஆபத்து. துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் காய்ந்திருக்காது. கண்ணாடி ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி மூடி, ஒரு வாரம் முதல் பத்து நாள் தினமும் குலுக்கிப் பாருங்கள். உட்புறக் கண்ணாடியில் துளி ஈரம் படிந்தாலும் வெளியே எடுத்து மறுபடி உலர்த்த வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் ஈரம் எல்லாத் துண்டுகளிலும் சமமாகப் பரவுகிறது.

உப்பில் புளிக்கவைப்பது எனக்கு மிகவும் பிடித்த முறை. அடுப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம்; தராசு மட்டும் கட்டாயம். ஒரு கிலோ முட்டைகோஸை மெல்லியதாக நறுக்கி 22 முதல் 25 கிராம் உப்புச் சேர்த்துப் பிசையுங்கள். முதலில் மொரமொரப்பாகத் திமிறும். ஐந்து பத்து நிமிடத்தில் துவண்டு, பிழிந்தால் விரலிடுக்கில் நீர் வழியும். ஜாடியில் அழுத்தி நிரப்புங்கள், அந்த நீருக்கடியில் காய் மூழ்கியிருக்க வேண்டும். மேலே சுத்தமான கனம் ஒன்றை வையுங்கள். காற்று இல்லாத, உப்பு நிறைந்த அந்த இடத்தில் கெடுக்கும் பாக்டீரியா பெருக முடியாமல் தவிக்க, இலையிலேயே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகும். முதலில் வரும் இனம் வாயுவை வெளியிட்டுக் குமிழ் எழுப்பும். புளிப்பு ஏறியதும் அது அடங்கி, அமிலத்தைத் தாங்கும் வேறு இனம் வேலையைத் தொடரும். 20 முதல் 24 டிகிரியில் மூன்று நான்கு வாரத்தில் பக்குவமாகும். அதைவிடக் குளிர்ந்த இடமென்றால் இன்னும் நாளாகும், சுவையும் கூடும். ஆரோக்கியம் கருதி உப்பைக் குறைக்கிறேன் என்று இங்கே இறங்காதீர்கள். உப்பு இங்கே காவல் காக்கிறது. சாப்பிடும் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

வெள்ளரிக்குத் தனியாக உப்புநீர் வேண்டும். ஒரு லிட்டருக்கு 50 கிராம் உப்பு. பூ இருந்த முனையைச் சிறு வில்லையாகச் சீவி எறியுங்கள். காயைக் கொழகொழப்பாக்கும் நொதி அங்கேதான் தங்கியிருக்கும். மேலே வெள்ளையாக மெல்லிய படலம் வந்தால் வழித்துவிடலாம், அது தீங்கில்லாத ஈஸ்ட். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று நிறத்தோடு எது வந்தாலும், காய் வழவழப்பானாலும், ஜாடியோடு கொட்டிவிடுங்கள்.

பாட்டிலில் அடைப்பதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இதில் மட்டும் அலட்சியத்துக்கு விலை உயிராக இருக்கலாம். பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா அப்பேர் உணவைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, தக்கையால் இறுக்கி, கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையைக் கண்டறிந்தார். முறையை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையுடன் பிரெஞ்சு அரசு 1810-இல் அவருக்கு 12,000 ஃபிராங்க் பரிசளித்தது. உணவு ஏன் கெடாமல் இருந்தது என்பது அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்களைப் பற்றி லூயி பாஸ்டர் விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு. கொதிநீர் எல்லாவற்றுக்கும் போதாது என்பது தெரியவர இன்னும் நாளானது. 1895-இல் பெல்ஜியத்தின் எல்லசெல் என்ற ஊரில், கெட்டுப்போன பன்றி இறைச்சியைச் சாப்பிட்ட இசைக்குழுவினரில் மூவர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கம் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1897-இல் அறிவித்தார். இன்று க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று அழைக்கப்படுவது அதுதான்.

இது மண்ணில் சாதாரணமாகவே இருக்கும். உங்கள் பீன்ஸிலும் கேரட்டிலும் அதன் வித்துகள், அதாவது அது உறங்கிக் கிடக்கும் கெட்டி வடிவம், ஒட்டியிருக்கலாம். பச்சையாகவோ சமைத்தோ உண்ணும்போது தீங்கில்லை. ஆனால் காற்றில்லாத, ஈரமான, புளிப்பில்லாத இடம் அறை வெப்பத்தில் கிடைத்துவிட்டால் வித்து முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். மூடி இறுகிய பாட்டில் அதற்கு வாய்த்த வீடு. வித்துகள் 100 டிகிரி கொதிநிலையை மணிக்கணக்கில் தாங்கும், அழுத்தத்தில் 116 டிகிரிக்கு மேல் ஏற்றினால்தான் நியாயமான நேரத்தில் சாகும். ஆனால் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அவை முளைக்க முடியாது. பாட்டில் அடைப்பின் சட்டம் முழுவதும் அந்த ஒற்றை எண்ணில் அடங்கியிருக்கிறது. புளிப்புள்ளவற்றுக்குக் கொதிநீர் போதும். பீன்ஸ், கேரட், கீரை, பூசணி போன்ற புளிப்பற்றவற்றை அதற்கென்றே செய்யப்பட்ட அழுத்தக் கலமும் சோதித்த நேர அட்டவணையும் இல்லாமல் பாட்டிலில் அடைக்கவே கூடாது. சமையலறை பிரஷர் குக்கர் அந்த வேலைக்கு ஈடாகாது. அது சூடாகும் வேகமும் ஆறும் வேகமும் வேறு, அந்த நேரங்களும் கணக்கில் சேர்ந்தவை. கலம் இல்லாதவர் இந்தக் காய்களை ஃப்ரீசரில் வைக்கட்டும், அல்லது உலர்த்தட்டும்.

தக்காளி எல்லைக்கோட்டில் நிற்கிறது. ரகத்தையும் பழுத்த அளவையும் பொறுத்து அதன் பி.எச். 4.6-க்கு இருபுறமும் இருக்கும். நாக்கில் புளிக்கிறதே என்று நம்பக் கூடாது. ஒவ்வொரு லிட்டருக்கும் கடையில் பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, அல்லது அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கட்டாயம் சேருங்கள். பிழிந்த பழச்சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும் என்பதால்தான் பாட்டில் சாறு. சூடான ஜாடியில் சூடான சாஸை, விளிம்புக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் அளவு விட்டு ஊற்றி, விளிம்பைத் துடைத்து, மூடி, தண்ணீர் மூடிக்கு மேல் நிற்கும்படி மூழ்கவைத்துக் கொதிக்கவிடுங்கள். அரை லிட்டருக்கு 35 நிமிடம், ஒரு லிட்டருக்கு 40. இது கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம் வரைக்குமான கணக்கு. மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் 900 மீட்டர் வரை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வினிகரில் போடுவதற்கும் இதே கவனம் வேண்டும்: 5 சதவீத அமிலம் உள்ள வினிகரையே வாங்குங்கள், அதிகம் புளிக்கிறதென்று தண்ணீரைக் கூட்டாதீர்கள். புளிப்பு தூக்கலாகத் தெரிந்தால் சர்க்கரை சேர்க்கலாம்.

எண்ணெயில் ஊறவைத்த பச்சைப் பூண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பார்க்க அழகாக, ஆபத்தே இல்லாததுபோல் இருக்கும். பூண்டில் வித்து இருக்கலாம், புளிப்பு இல்லை, எண்ணெய் காற்றை மறைத்துவிடுகிறது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் குளிர்பதனத்தில் வைக்காத எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாட்டுலிசம் என்ற இதே நஞ்சின் பாதிப்புக்கு ஆளானார்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் கொஞ்சமாகச் செய்து, நான்கு டிகிரி அல்லது அதற்குக் கீழே ஃப்ரிட்ஜில் வைத்து, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மிச்சத்தை ஃப்ரீசரில் போடுங்கள்.

கொதிநீரிலிருந்து எடுத்த பாட்டில்களை ஒரு நாள் அசைக்காமல் ஆறவிடுங்கள். பிறகு மூடியின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கி அசையாமல் இருந்தால் அடைப்பு சரி. மேலும் கீழும் போய் ‘டிக்’ என்றால் அடைப்பு பிடிக்கவில்லை. அந்தப் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து அந்த வாரமே பயன்படுத்துங்கள். சரியானவற்றின் திருகு வளையத்தைக் கழற்றி, பெயரும் தேதியும் எழுதி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஓராண்டுக்குள் தீர்ப்பது நல்லது. திறக்கும்போது மூடி உப்பியிருந்தால், திரவம் பீறிட்டால், வாடை மாறியிருந்தால் சுவைத்துப் பார்க்க வேண்டாம். யாரும், எந்த விலங்கும் தொடாதபடி அகற்றுங்கள். பாட்டுலினம் நஞ்சு வாடையும் காட்டாமல் இருக்கலாம் என்பதால், அழுத்தக் கலத்தில் அடைத்த புளிப்பற்ற காய் எதுவானாலும், பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும், பரிமாறும் முன் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். வித்தைக் கொல்லாத அந்தக் கொதி நஞ்சை அழித்துவிடும்.